பத்து நிமிடம் அமர்ந்திருந்தார்

வேலங்குளம்,
15.06.2025, ஞாயிறு

அன்புள்ள ரோகிணி அக்காவுக்கு,

தங்கை தீபலட்சுமி எழுதுவது. அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். உன் முழங்கால் வீக்கம் வற்றியதா? பயிற்சிப் பள்ளியில் செல்போனை வாங்கி வைத்துக்கொள்வதால் ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம்தான் நீ பேச முடிகிறது. அந்தப் பத்து நிமிடத்தையும் அம்மாவே எடுத்துக்கொள்கிறாள். ஆகவே ஒரு முடிவு செய்திருக்கிறேன். நீ போலீஸாகித் திரும்பும்வரை ஊரில் நடப்பதையெல்லாம் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக உனக்குப் பதிவு செய்வேன். நேரம், ஆள், பேச்சு எல்லாம் இருக்கும். எனக்குப் பிடிக்காத உண்மையையும் எழுதுவேன்.

முதல் பதிவு. நம் பெரிய கண்மாய்க்குள் சவுடு மண் அள்ள ஒரு கம்பெனிக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. கண்மாய் மடையைவிட ஆழமாகிவிட்டால் வயலுக்குத் தண்ணீர் ஏறாது என்று கருப்பையா மாமா சொல்கிறார். ஜூலை நாலாம் தேதி மெயின் ரோட்டில் நம் ஊருக்குத் திரும்பும் விலக்கில் மறியல் செய்வதென்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகிவிட்டது. அம்மா முதல் வரிசையில் உட்காரப் போகிறாளாம்.

வெள்ளிக்கிழமை மாலை கார்த்திகேய சிவம் ஏட்டு வந்தார். ஸ்டேஷனில் அவர் தனிப்பிரிவு. காக்கி போடாமல் ஊர் ஊராகப் போய், யார் என்ன பேசுகிறார்கள் என்று மேலே சொல்வது அவர் வேலை. கையில் ஒரு தாள் வைத்திருந்தார். அதில் நம் ஊரில் துப்பாக்கி லைசென்ஸ் உள்ள மூன்று பேர் பெயர் இருந்தது. காட்டுப்பன்றி விரட்ட வைத்திருக்கும் கருப்பையா மாமா, சேதுபதி பெரியப்பா, பிறகு நம் அப்பா.

"முத்தரசண்ணே, மறியலுக்கு வருவீகளா?"

"எனக்கு பேங்க் டூட்டி. நாலரை மணிக்கு மேலதான் ஊருக்கு பஸ் ஏறுவேன்."

"நல்லது. துப்பாக்கி வச்சிருக்கவுக கூட்டத்துப் பக்கம் தலையக் காட்டாதீக. உங்களத்தான் மொதல்ல பாக்கச் சொல்லியிருக்காக."

"பட்டாளத்துல பதினேழு வருசம் தூக்குனவன்யா நான். என்னைய எதுக்குப் பாக்கணும்?"

"எனக்குத் தெரியும்ணே. தாளுக்குத் தெரியாதுல்ல."

அப்பா சிரித்தார். ஏட்டு சிரிக்கவில்லை. உனக்குத் தெரிந்ததுதான்: சொந்தத் துப்பாக்கியும் லைசென்ஸும் இல்லாதவரை வங்கி காவலுக்கு வைத்துக்கொள்ளாது.

பாசமுள்ள தங்கை,
தீபா


24.06.2025

அன்புத் தங்கை தீபாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் பரவாயில்லை, தினமும் ஏழு கிலோமீட்டர் ஓடுகிறேன். ரைபிளைப் பிரித்துச் சேர்க்கும் வகுப்பில் நான்தான் முதல். "யாரும்மா கற்றுக் கொடுத்தது?" என்று கேட்டார்கள். அப்பா பெயரைச் சொன்னேன்.

ஏட்டு கேட்டதில் கோபப்படாதே. கூட்டத்தைக் கட்டுப்படுத்தும் வகுப்பில் எங்களுக்கும் அதையே சொல்கிறார்கள். தலைகளை எண்ணுவதற்கு முன் துப்பாக்கி எங்கே என்று பார்க்க வேண்டும். லைசென்ஸ் வைத்திருப்பவர் நல்லவராகவே இருப்பார். பக்கத்தில் இருப்பவன் பிடுங்கிவிட்டால்? அவரை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது, எல்லாம் வீடியோவில் இருக்க வேண்டும் என்பது பாடம்.

நீ எழுதுவது பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல இருக்கிறது. ஒன்று விடாமல் எழுது. அம்மாவை வெயிலுக்குத் துண்டு போட்டுக்கொள்ளச் சொல்.

உன் அக்கா,
ரோகிணி


வேலங்குளம்,
05.07.2025, சனி

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். அம்மாவுக்குத் தொண்டை மட்டும் கட்டிவிட்டது. காரணத்தை எழுதுகிறேன்.

நேற்று மூன்று மணிக்கு மறியல் தொடங்கியது. நூற்றுப்பத்துப் பேர், நானே எண்ணினேன். பெண்கள்தான் அதிகம்; அம்மா முன்னால் இருந்து கோஷம் போட்டாள். ஸ்கூல் விட்டு நான் நாலரைக்குப் போய்ச் சேர்ந்தேன். போலீஸ் பதினெட்டுப் பேர், வீடியோக்காரர் ஒருவர். எல்லாப் பெண்களையும் சேர்த்து அவர் அரை நிமிடத்தில் எடுத்து முடித்துவிட்டு வேப்பமர நிழலுக்குப் போய்விட்டார். "எங்க மூஞ்சியெல்லாம் அம்புட்டுத்தானா தம்பி? பவுடர் வேற போட்டுட்டு வந்தோம்" என்று அன்னக்கிளி அத்தை கேட்க, எல்லோரும் சிரித்தார்கள்.

5.12க்குக் காரைக்குடி பஸ் வந்து, போக வழியில்லாமல் நின்றது. அதிலிருந்து அப்பா இறங்கினார். தோளில் துப்பாக்கி. எப்போதும்போல் ரெக்சின் உறைக்குள், ஜிப்பில் சிறிய பூட்டு. தோட்டாக்களை வங்கியிலேயே வைத்துப் பூட்டிவிட்டு வருவார் என்பது உனக்குத் தெரியும். விலக்கிலிருந்து ஊருக்குள் போகும் பாதை கூட்டத்துக்குப் பின்னால் இருக்கிறது. கூட்டத்தைக் கடந்துதான் போக வேண்டும்.

நிழலில் நின்ற வீடியோக்காரர் ஓடி வந்தார். அப்பாவுக்கு முன்னால் பின்பக்கமாக நடந்துகொண்டே எடுத்தார். உறையை, பூட்டை, அப்பாவின் முகத்தை. என் கடிகாரத்தில் நாலு நிமிடம். ஏட்டு வேகமாக வந்தார்.

"அண்ணே, படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? இங்குட்டு ஏன் வந்தீக?"

"நானா வந்தேன்? பஸ்ஸ நிப்பாட்டிப்புட்டாக. வீட்டுக்கு எங்குட்டுப் போறது, பறந்தா?"

"சரி, நிக்காமப் போயிருங்க." அதற்குள் இன்ஸ்பெக்டர் கூப்பிட, அவர் அந்தக் கோடிக்கு ஓடினார்.

அப்பா முதல் வரிசைக்கு வந்தபோது அம்மாவின் முகம் வெயிலில் கறுத்துப் போயிருந்தது. "ஏன் மீனா, மயக்கம் வருதா?" என்றார். "ஒண்ணுமில்ல. நீங்க ஏன் நிக்கிறீக? உக்காந்து இதக் குடிச்சுட்டுப் போங்க" என்று தூக்குவாளியை நீட்டினாள். 5.22 முதல் 5.32 வரை அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் பத்து நிமிடம் அமர்ந்து மோர் குடித்தார். கோஷம் போடவில்லை. உறை மடியில் இருந்தது. பூட்டைத் தொடவே இல்லை. பிறகு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். ஆறு மணிக்குத் தாசில்தார் வந்து பேசியதும் மறியல் கலைந்தது.

எல்லாம் எழுதிவிட்டேன். பதில் போடு.

தீபா


வேலங்குளம்,
27.07.2025, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? மூன்று வாரமாக உன் கடிதம் இல்லை. இன்று போனில் அம்மாவிடமிருந்து பிடுங்கி, "என் லெட்டர் வந்ததா?" என்று கேட்டேன். "பின்னால ஆள் நிக்கிறாங்க" என்று சொல்லி வைத்துவிட்டாய். இன்னும் நாலு நிமிடம் பாக்கி இருந்தது.

இங்கே ஏட்டு இரண்டு தரம் வந்துவிட்டார். முதல் தரம் லைசென்ஸ் புத்தகத்தைப் போட்டோ எடுத்தார். இரண்டாவது தரம் கருப்பையா மாமா வீட்டுக்கும் போய், துப்பாக்கியை எந்த அறையில் வைத்திருக்கிறார் என்று பார்த்தார். மறியல் அன்று மாமா ஊரிலேயே இல்லை, சிவகங்கையில் கல்யாணத்துக்குப் போயிருந்தார். "வராதவனுக்கும் வந்தவனுக்கும் ஒரே மரியாதைதான்" என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்தார். இப்போது பன்றி வந்தால் தகரத்தைத் தட்டுகிறார். துப்பாக்கியை வெளியே எடுப்பதில்லை.

அப்பா தினமும் ஒரு பஸ் முன்னதாகக் கிளம்புகிறார். ஏன் என்று கேட்டால், கூட்டம் குறைவாக இருக்கிறது என்கிறார். எந்தக் கூட்டம் என்று நான் கேட்கவில்லை.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
தீபா


04.08.2025

தீபாவுக்கு,

நான் நலம். நீங்கள் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். அரையாண்டுக்கு இப்போதே படிக்கத் தொடங்கு.

ஊர் விஷயம் இனி எழுத வேண்டாம். உடல்நலமும் படிப்பும் மட்டும் எழுதினால் போதும்.

ரோகிணி


வேலங்குளம்,
19.08.2025

அக்காவுக்கு,

நலம். படிப்பும் நலம். நீ கேட்ட இரண்டையும் எழுதிவிட்டேன். இனி நான் எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

நேற்று அப்பாவுக்கு நோட்டீஸ் வந்தது. லைசென்ஸை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று கேட்டிருக்கிறார்கள். அப்பா அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டார். சாயங்காலம் சட்டையைத் துவைக்கப் போடும்போது எடுத்துப் படித்தேன். அப்படியே எழுதுகிறேன்:

"மேற்படி நபர், பொதுக்கூட்டங்களுக்குத் துப்பாக்கியை எடுத்துச் செல்லக் கூடாது என்ற உரிம நிபந்தனையை மீறி, மாலை 5.22 மணி முதல் 5.32 மணி வரை மறியல் கூட்டத்தினருடன் பத்து நிமிடம் அமர்ந்து மோர் அருந்தியதாகத் தெரியவருகிறது."

அக்கா, 5.22 என்பது என் கடிகாரம். அது நம் ஸ்கூல் மணியைவிட மூன்று நிமிடம் முந்தி ஓடும். போலீஸ் கடிகாரத்தில் அது 5.19 ஆக இருந்திருக்கும். அந்த நேரத்தை நான் உலகத்திலேயே உன் ஒருத்திக்குத்தான் எழுதினேன். பூட்டைத் தொடவில்லை என்று எழுதினேன், அது நோட்டீஸில் இல்லை. பஸ்ஸை நிறுத்தினார்கள் என்று எழுதினேன், அதுவும் இல்லை. அந்த ஒரு வரி மட்டும் இருக்கிறது.

என் கடிதம் இப்போது உன்னிடம் இருக்கிறதா?

தீபலட்சுமி


01.09.2025

அன்புள்ள தீபாவுக்கு,

இல்லை. என்னிடம் இல்லை.

இங்கே வரும் தபாலை முதலில் ஆபீஸில் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் தருவார்கள். சேர்ந்த அன்றே சொன்னார்கள். அது தெரிந்தும் ஒன்று விடாமல் எழுது என்று உனக்கு எழுதினேன். ஊர் ஞாபகமாக இருந்தது. அதற்கு மேல் அதற்குக் காரணம் இல்லை.

ஜூலை ஒன்பதாம் தேதி என்னைக் கூப்பிட்டார்கள். நம் மாவட்டத்திலிருந்து, மறியலில் துப்பாக்கியோடு இருந்தவரின் மகள் இங்கே பயிற்சியில் இருக்கிறாள் என்று தகவல் வந்திருந்தது. மேசைமேல் உன் கடிதம் இருந்தது. "இதில் இருப்பது உண்மையா?" என்று கேட்டார்கள். நான் முழுவதும் படித்தேன், தீபா. பூட்டு, தோட்டா, பஸ், அம்மாவின் மயக்கம் எல்லாம் இருந்தது. இதைவிட அப்பாவுக்கு நல்ல சாட்சி கிடையாது என்று நினைத்தேன். கடைசிப் பக்கத்தின் கீழே, "இது என் தங்கை எழுதியது. இதில் உள்ளவை உண்மை என உறுதியளிக்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர்கள் ஒரு வரியை மட்டும் எடுப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. நீண்ட வாக்குமூலத்திலிருந்து வேண்டிய ஒரு வரியை எடுக்கும் வகுப்பு எங்களுக்கு அடுத்த வாரம்தான் நடந்தது.

பயிற்சி முடிய இன்னும் எட்டு வாரம். அம்மாவிடம் இதைச் சொல்லிவிடு. என்னால் பத்து நிமிடத்தில் சொல்ல முடியாது.

ரோகிணி


(அஞ்சலட்டை)
07.09.2025

செல்வ மகள் ரோகிணிக்கு அப்பாவின் ஆசிகள். மூடி எழுத ஒன்றும் இல்லாததால் கார்டிலேயே எழுதுகிறேன். நீ செய்தது சரி. வேளைக்குச் சாப்பிடு. நோட்டீஸுக்கு வக்கீல் பதில் எழுதித் தந்தார். கையெழுத்துப் போட்டு அனுப்பியாயிற்று. இங்கு மழை இல்லை. கால் பெருவிரல் நகத்தை வெட்டி வை, பூட்ஸில் உரசும்.
மு.ரா. முத்தரசு


வேலங்குளம்,
11.09.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து உன்மேல் கோபம் இல்லை. உனக்குத் தூக்கம் வருகிறதா? எனக்கு இல்லை.

அப்பா கார்டில் எழுதாததை எழுதுகிறேன். யார் படித்தாலும் படிக்கட்டும். வக்கீல் தந்த பதிலில் இப்படி இருக்கிறது: "நான் கூட்டத்தைக் கடந்து மட்டுமே சென்றேன், அமரவில்லை. என் இளைய மகள் கதை எழுதும் பழக்கமுள்ளவள்; மேற்படி கடிதம் அவளது கற்பனை." வீடியோவில் அப்பா நடப்பது மட்டும்தான் தெரிகிறதாம். பார்த்த ஊர்க்காரர்கள் சொல்ல மாட்டார்கள், பார்த்ததாகப் போலீஸிலும் யாரும் எழுதவில்லையாம்; உட்கார்ந்ததற்கு என் கடிதத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை. 26ஆம் தேதி தேவகோட்டையில் விசாரணை. என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அம்மா சொல்கிறாள்: "நீதான் நோட்டு நோட்டா கதை எழுதுவியே. இதுவும் கதைன்னு ஒரு வார்த்தை சொல்லிரு. உங்கப்பா வேலை நிக்கும்." வக்கீலும் அதையே சொன்னார். நான், "அக்கா உண்மை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாளே, அது?" என்று கேட்டேன். வக்கீல் பேனாவை மூடினார். பொய்யை உண்மையென்று உறுதி சொன்ன ஒருத்தியைப் போலீஸில் வைத்துக்கொள்வார்களா என்று அவருக்கே தெரியவில்லை. அம்மா உள்ளே போய் அரிசி களைந்தாள். ஏற்கெனவே களைந்த அரிசி அது.

அப்பா துப்பாக்கியைத் துடைக்கப் போய்விட்டார். நான் என்ன சொல்லட்டும்? உன் வேலையா, அப்பா வேலையா? நீ சொல்.

தீபா


18.09.2025

அன்புள்ள தீபாவுக்கு,

நான் நலம். உன் கடிதம் கிடைத்தது. இங்கே நல்ல மழை. அணிவகுப்பு ஒத்திகை நடக்கிறது. என்னை இரண்டாவது வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள்.

நகம் வெட்டிவிட்டேன் என்று அப்பாவிடம் சொல்.

ரோகிணி


தேவகோட்டை,
26.09.2025, வெள்ளி

அன்புள்ள அக்காவுக்கும், அவளுக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கப்போகிற ஐயா அல்லது அம்மாவுக்கும்,

வணக்கம். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். ஒரே ஒரு வேண்டுகோள்: படித்தால் முழுவதும் படியுங்கள்.

காலை பத்து மணிக்கு வந்தோம். துப்பாக்கியையும் கொண்டுவரச் சொல்லியிருந்ததால் அப்பா தோளில் உறையோடு வந்தார். கூப்பிடும்போது மூன்றரை. விசாரிக்கும் அதிகாரி ஒரு பெண். உன் வயதைவிடப் பத்து வயது கூட இருக்கும். லேப்டாப்பில் வீடியோவைப் போட்டார். அப்பா பஸ்ஸிலிருந்து இறங்குகிறார். நடக்கிறார். உறை பெரிதாகத் தெரிகிறது. அப்புறம் ஒரு பேனர் குறுக்கே வந்து மறைத்துவிடுகிறது. ஏட்டையும் கேட்டார்கள்.

"இவர் உட்கார்ந்ததப் பாத்தீங்களா?"

"நான் அப்ப அந்தக் கோடியில நின்னேன்மா. பாக்கல."

அவர் பார்த்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. ஆகவே எழுத முடியவில்லை.

அதிகாரி என் கடிதத்தை எடுத்தார். அதன் கீழே உன் கையெழுத்தைப் பார்த்தேன். ரொம்ப அழகாகப் போட்டிருக்கிறாய்.

"நீதான் எழுதுனதா?"

"ஆமாம்மா."

"கதையெல்லாம் எழுதுவியாமே. இதுவும் கதைதானா?"

அம்மா என்னைப் பார்த்தாள். அப்பா பார்க்கவில்லை; ஜன்னலுக்கு வெளியே நின்ற ஜீப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தால் அவர் முகத்தில் ஏதாவது ஒரு பதிலை நான் படித்துவிடுவேன், அது தன் பேச்சாகிவிடும் என்று பயந்தாரோ என்னவோ. ஆம் என்று சொன்னால் அப்பா திங்கட்கிழமை வங்கி வாசலில் நிற்பார், நீ இரண்டாவது வரிசையில் நிற்க மாட்டாய். வாய் அதுவாகத்தான் திறந்தது.

"உண்மைதாம்மா. ஆனா ஒரு வரி மட்டும் எடுக்காதீங்க. முழுசாப் படிங்க."

"நீயே படி" என்று கையில் கொடுத்தார்.

படித்தேன். அன்னக்கிளி அத்தையின் பவுடர் வந்தபோது டைப் அடிக்கிறவர் சிரித்துவிட்டார். வீடியோக்காரர் நாலு நிமிடம் எடுத்ததைப் படித்தபோது அதிகாரி நிறுத்தி, "எத்தனை நிமிஷம்?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். மோர் வந்தபோது தாளை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. பூட்டு வரைக்கும் படித்து முடித்துவிட்டேன்.

அப்பா எழுந்து, அதிகாரியின் முன் விறைப்பாக நின்றார். "புள்ள எழுதுனது சரிம்மா. உக்காந்தேன். பதில்ல நான் போட்ட கையெழுத்துத்தான் தப்பு."

லைசென்ஸ் நிறுத்தி வைக்கப்பட்டது. துப்பாக்கியை இன்றே ஒப்படைக்க வேண்டும். உறை பூட்டியிருந்ததையும், பஸ் நின்றதால் இறங்கியதையும் உத்தரவில் சேர்த்திருப்பதாக அதிகாரி சொன்னார். மேல்முறையீட்டுக்கு அது உதவலாமாம். உதவும் என்று சொல்லவில்லை. வங்கி மேனேஜரிடம் அப்பா போனில் சொன்னார். அவர் ரொம்ப வருத்தப்பட்டு, திங்கட்கிழமை வேறு ஆளை வைத்துக்கொள்வதாகச் சொன்னார்.

வராந்தாவுக்கு வந்ததும் அப்பா என் தலையில் கை வைத்தார். "ஒரு துப்பாக்கி போச்சு, ஒரு போலீஸ் மிஞ்சுச்சு. வாங்க, டீ குடிப்போம்."

"நீங்க போய்க் குடிங்க" என்றாள் அம்மா. "ஒண்ணாந்தேதிக்கு மேல என்னத்தக் குடிக்கிறதுன்னு ஒங்க மககிட்டயே கேட்டுக்கங்க."

யாரும் டீ குடிக்கவில்லை.

துப்பாக்கிக்கு ரசீது வாங்க உட்கார்ந்திருக்கிறோம். நம்பரில் ஒரு எண்ணைத் தப்பாக எழுதிவிட்டார்கள் என்று அப்பா உள்ளே நின்று திருத்தச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வெறும் தோளோடு அவரைப் பார்க்க, யாரோ மாதிரி இருக்கிறது. நான் பெஞ்சில் இருந்து இதை எழுதுகிறேன். அம்மா எதிர் பெஞ்சில் இருக்கிறாள். என் பெஞ்சில் இடம் இருந்தும் அங்கேதான் போய் உட்கார்ந்தாள். உன்னை நினைக்கிறாளா, அப்பாவை நினைக்கிறாளா என்று தெரியவில்லை. நான் செய்தது சரியா என்று உன்னிடம் கேட்கவில்லை. நீ பதில் எழுத வேண்டாம். பயிற்சியை முடித்துவிட்டு வா. ஆனால் ஏதாவது ஒரு மறியலில் உன்னைக் காவலுக்கு நிறுத்தினால், உட்கார்ந்திருப்பவர் ஏன் உட்கார்ந்தார் என்பதையும் எழுதிக்கொள்.

ரசீது எழுதுகிறவரைத் தவிர மற்றச் சிப்பந்திகள் கிளம்பிவிட்டார்கள். அப்பா இன்னும் உள்ளேதான் நிற்கிறார். வராந்தா விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.

தீபலட்சுமி